சுடாத கல்லுக்கு இருபத்தெட்டு நாள்

மார்ச் 15, ஞாயிறு

இன்று நடந்தது அத்தனையையும் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். பல்கலைக்கழக வாசல் டீக்கடையில் பத்து நாளாக, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொன்னேன். என் தங்கச்சி மகள் கட்டியிருக்கிற அறை இருபத்தெட்டு நாள் நின்றுவிட்டால் இந்த வட்டாரத்துச் செங்கல் சூளை ஒவ்வொன்றுக்கும் கலெக்டர் பூட்டுப் போடுவார், சூளைக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், ஆள் அனுப்புவார்கள், இரத்தம் பார்க்காமல் இது அடங்காது என்றேன். சூளை லாரிக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டார்கள். இன்று மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு ஆள் வந்தது. இரத்தமும் பார்த்தாயிற்று.

பார்த்ததையெல்லாம் மறக்காமல் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் இன்ஸ்பெக்டர். அதனால் சோதனைக்கூடத்தில் எழுதாமல் கிடந்த பதிவு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நான் மாசானமுத்து. சிவில் துறைச் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. ஆனால் கான்கிரீட் கட்டியை விரல் முட்டியால் தட்டினாலே எத்தனை டன்னில் உடையும் என்று சொல்லிவிடுவேன். ஜெர்மனிக்கார விஞ்ஞானி ஒருவர் இந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஜெர்மனியோ ஜப்பானோ, கோட்டுப் போட்டிருந்தார்.

செண்பகவடிவு என் தங்கச்சி மகள். நாங்கள் வடிவு என்போம். இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல், குவாரியில் மலையாகக் கிடக்கிற கல்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு, மூன்றையும் பிசைந்து அழுத்திக் கல் எடுக்கிறாள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், புகை வேண்டாம். நெருப்பே படாத கல். அந்தக் கல்லில் பத்துக்குப் பத்து ஓர் அறை கட்டி, சுவருக்குள் வெப்பமானிகளைப் பதித்திருக்கிறாள். மார்ச் இரண்டாம் தேதி கட்டி முடித்தது. இருபத்தெட்டு நாள் சாக்கைப் போர்த்தி நனைக்கவேண்டும். முப்பதாம் தேதி சென்னையிலிருந்து குழு வந்து சுவரின் தலையில் ஜாக்கி வைத்து அழுத்தும். தாங்கினால் நாற்பது வீடு இந்தக் கல்லில் கட்ட உத்தரவு, வடிவுக்குப் பட்டம். நனைக்கிற பொறுப்பு என்னுடையது.

இனி நடந்தது. நான்கு மோட்டார் சைக்கிள், எட்டுப் பேர். கடப்பாரை, சம்மட்டி. வடிவு கிழக்குச் சுவருக்குப் பின்னால் குனிந்து வெப்பம் குறித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்க் குழாயோடு குறுக்கே நின்றேன். முதல் ஆளின் முகத்தில் பீய்ச்சினேன், மல்லாந்தான். இரண்டாவது ஆளின் கடப்பாரையைப் பிடுங்கி முழங்காலில் போட்டேன், எலும்பு நொறுங்கியது. அதற்குள் மற்றவர்கள் சுவரில் இறங்கிவிட்டார்கள். சம்மட்டி கல்லில் விழுகிற ஓசை வேறு, மனுஷி மேல் விழுகிற ஓசை வேறு. இரண்டும் கேட்டன. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல மந்தமாகக் கேட்டன. கிழக்குச் சுவர் முழுசாக வடிவின் மேல் சரிந்தது. தெற்குச் சுவர் பாதி போயிற்று. அவர்கள் போனபின் கல் கல்லாக எடுத்துப் போட்டு அவளை இழுத்தேன். தலைமுடி செங்காவியாக இருந்தது. சாம்பல் கல்லில் சிவப்பு கிடையாதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

இன்ஸ்பெக்டர் கேட்கக் கேட்கச் சொன்னேன். சம்மட்டி பிடித்தவனுக்கு இடது காது பாதிதான் இருந்தது, யாரோ கடித்துத் துப்பியதுபோல என்றேன். அவர் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

என் சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. சண்டையில் குழாய் பிய்ந்து என்மேலேயே பீய்ச்சிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

வடிவுக்குத் தலையில் பத்தொன்பது தையல். இடது கை இரண்டு இடத்தில் முறிவு. விலா எலும்பு மூன்று. இன்னும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கச்சி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நீயும் அங்கேதானே இருந்தாய் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். எட்டுப் பேரில் மூன்று பேரைச் சாய்த்தேன் என்று விளக்கினேன். பிடித்த சட்டையை விடவில்லை. ஒரு பொத்தான் போயிற்று.

துறைத்தலைவர் சோதனையைத் தள்ளிப்போடலாம் என்றார். மேற்குச் சுவரும் வடக்குச் சுவரும் கீறல்கூட இல்லாமல் நிற்கின்றன, நான் நனைத்துக்கொண்டே இருக்கிறேன் என்றேன். மூன்று வேளையும் நனைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

சோதனைக் கட்டிகளை ஊறப்போடுகிற தொட்டிக்குள் என் செல்போன் கிடந்ததாம். துறைத்தலைவர் எடுத்துக் கொடுத்தார். சண்டையில் பறந்து விழுந்திருக்கும் என்றேன். அறைக்கும் தொட்டிக்கும் இருபதடி. என் கைவீச்சு அப்படி.

மார்ச் 18, புதன்

ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஆற்றங்கரைச் சூளையில் கல் அடுக்குகிற கொம்பையா. இடது காது பாதி.

டீக்கடையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கடைக்காரர் காசு வாங்கவில்லை. மூன்று தடவை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் தடவை சொன்னபோது அடிக்க வந்தவர்கள் பதினொரு பேர் ஆகியிருந்தார்கள், அவர்களில் ஒருவன் அரிவாளும் வைத்திருந்தான். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் எட்டுப் பேர் போதவில்லை.

ஸ்டேஷன் பக்கமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதலில் கத்தினான், பிறகு எண்ணுவதுபோல ஒரே சீராக முனகினான். நம் அமுக்கு மிஷினில் கட்டி உடைவதற்கு முன்னால் உள்ளே ஒரு முறுகல் ஓசை வரும், அதுபோல. குற்றவாளிக்கு இதெல்லாம் வேண்டியதுதான். வேறு வழியாகவும் வந்திருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

வடிவு கண் திறந்தாள். முதல் கேள்வி, சாக்குக் காயாமல் இருக்கிறதா. பெருமையாகச் சொன்னேன், மூன்று வேளைக்கு நான்கு வேளையாக நனைக்கிறேன் என்று. வாய் வீங்கியிருந்ததால் சிரிக்க முடியவில்லை அவளால்.

ஆளைப் பிடித்த கதையைச் சொன்னேன். காதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், மூடியபடியே சொன்னாள்:

"மாமா, அவனுவ எல்லாரும் ஹெல்மெட் போட்டிருந்தானுவல்லா."

தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகம் தடுமாறும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்லக்கூடியவர்தான்.

வீட்டுக்கு வந்தபின் யோசித்தேன். ஹெல்மெட் போட்டிருந்தார்கள்தான். ஆனால் நான் குழாயால் போட்ட போட்டில் சம்மட்டிக்காரனின் ஹெல்மெட் கழன்று உருண்டது. அப்போதுதான் காது தெரிந்தது. இதை ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்கவேண்டும், அவசரத்தில் விட்டுப்போயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரம் ஆயிற்று என்று விடுதிப் பையன்கள் அறைக்கு முன்னால் கூடினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் இல்லாமலே பேசினேன். பதினொரு பேர், அரிவாள், அரைக்காது, என் மருமகளின் இரத்தம். கடைசியில் குரல் உடைந்தது, அது தானாகவே உடைந்தது.

பேச்சு முடிந்ததும் பதினான்கு பைக்கில் கிளம்பினார்கள். நான் போங்கள் என்று சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் சூளை ஆட்கள் இருக்கிற குடிசைகளில் புகுந்து அடித்தார்களாம். பானை சட்டியை உடைத்தார்கள். கொம்பையாவின் தம்பிக்கு மண்டை பிளந்தது. கிரிக்கெட் மட்டை. கொம்பையாவின் குடிசைக்குத் தீ வைத்தது யார் என்று தெரியவில்லை. அங்கே வெந்து அடுக்கியிருந்த கல்லெல்லாம் அப்படியே இருக்கிறது, ஓலைதான் எரிந்தது. சூளை முதலாளியின் மாடி வீட்டுப் பக்கம் ஒருத்தனும் போகவில்லை.

திரும்பி வந்த பையன்களில் ஒருவன் என் காலில் விழுந்து கும்பிட்டான். அவன் கையில் பெட்ரோல் வாசனை.

மார்ச் 23, திங்கள்

நான் எதிர்பார்த்தபடியே சூளை ஆட்கள் பல்கலைக்கழகப் பஸ்ஸைக் கல்லால் அடித்தார்கள். டிரைவருக்கு ஒரு கண் போனது. சுட்ட கல்.

மார்ச் 25, புதன்

காலையில் இரண்டாம் நனைப்பு முடித்துச் சாக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும், முழங்கை வரை தீக்காயம், மருந்து அப்பியிருந்தது. கொம்பையாவின் மனைவி முப்பிடாதி என்று அவளாகவே சொன்னாள். காவலாளியைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள்.

புருஷன் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சூளையின் உச்சியில் நின்று கல் அடுக்கினானாம். கூட நின்ற ஆறு பேருக்கும் தெரியும். ஆனால் வாய் திறந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு ஆள் மாட்டிக்கொண்டதில் முதலாளிக்குச் சந்தோஷம், மற்றவர்களைத் தேடமாட்டார்கள் அல்லவா. சின்ன வயதில் மண் பிசைகிற மிஷினில் தலைத்துண்டு சிக்கி இழுத்தபோது போன காது அது. நேற்று ஜெயில் ஆஸ்பத்திரியில் பார்த்தாளாம். மூத்திரம் இரத்தமாகப் போகிறது. தாடை கோணிவிட்டது, கஞ்சிதான் இறங்குகிறது.

"நீங்க பொய் சொல்லுதியன்னு நான் சொல்ல வரல அண்ணாச்சி. நீங்க பாத்தது இவிய காதுதானா, இல்ல வேற யாரு காதுமா, அத மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் என்றால், கோர்ட்டில் இருக்கிற விஷயத்தைப் பேசக்கூடாது என்றேன். சட்டத்தில் எத்தனையாவதோ ஒரு பிரிவு இருக்கிறது என்று எண்ணும் சொன்னேன். அவள் அந்த எண்ணை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், வக்கீலிடம் கேட்கலாம் என்று.

குழாயை மூட மறந்துவிட்டேன். கால் வரை தண்ணீர் வந்தபின்தான் தெரிந்தது.

மார்ச் 26, வியாழன்

நனைத்தேன். டீக்கடைக்குப் போகவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வடிவு வந்துவிட்டாள். கையில் மாவுக்கட்டு, தலையில் பாதி மழித்த முடி. டாக்டர் இன்னும் ஒரு வாரம் படுக்கச் சொன்னார், அவள் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். நின்ற சுவர் இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தாள். மேற்குச் சுவரைச் சோதனைக்கு வைக்கலாம் என்றாள். பிறகு இருபத்தைந்து நாள் ஊறிய கல் ஆறை அமுக்கு மிஷினில் கொடுத்துப் பார்க்கலாம் என்று உள்ளே வந்தோம்.

எனக்கு இந்த மிஷின் பிடிக்கும். கல்லை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு விசையைத் திருப்பினால் முள் ஏறிக்கொண்டே போகும். ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். ஒரு மூலையில் மயிரிழை ஓடும். அப்புறம் வெடி. சில்லு பறந்து இரும்புக் கதவில் அடிக்கும். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் உடைத்திருக்கிறேன், ஒரு தடவையும் கண் சிமிட்டியதில்லை. இன்று முதல் கல் வெடித்தபோது நான் குனிந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன்.

வடிவு எண்ணைக் குறித்தாள். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"தொட்டிக்குள்ள இருந்தியளா மாமா?"

நான் இரண்டாவது கல்லை வைத்தேன்.

"இருந்தாலும் தப்பில்ல. எனக்கு வழி இருந்தா நானும் ஓடித்தான் போயிருப்பேன். அதுக்காவ ஒருத்தன அடிச்சுக் கொல்லணுமா?"

விசையைத் திருப்பினேன். மிஷின் சத்தத்தில் காது கேட்காததுபோல நிற்கலாம். ஆறு கல்லும் உடைகிறவரை அப்படியே நின்றேன். ஆறாவது கல் உடைந்ததும் அவள் போய்விட்டாள். கூட்டி அள்ளிய சில்லைத் திரும்பத் தரையிலேயே கொட்டிவிட்டேன். பசியாக இருக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். நாளை பதினொரு மணிக்கு ஜெயிலில் அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் முன்னால் பத்துப் பேரை நிறுத்துவார்கள், என் ஆளின் தோளைத் தொடவேண்டும். அதே பதினொரு மணிக்குத்தான் வடிவின் சுவரை அழுத்துகிறார்கள், வேறு நாள் வைக்க முடியாதா என்றேன். முடியாது என்றார்.

காது வைத்து அடையாளம் சொன்ன கேஸ் என்பதால் பத்துப் பேருக்கும் தலையில் துண்டு கட்டிவிடுவார்களாம், காது வெளியே தெரியாது, முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார். முகத்தையா என்று இரண்டு தடவை கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை, தாடை கோணியிருக்கிறவன்தான், பார்த்ததும் தெரியும் என்றார். அந்தத் தாடையைக் கோணலாக்கியது யார் என்று நான் கேட்கவில்லை.

போகும்போது திரும்பி, பொய்ச் சாட்சிக்கு ஏழு வருஷம் என்றார். சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

காலை ஐந்து மணிக்குக் கடைசியாக நனைத்தேன். இருபத்தெட்டாம் நாள். வடிவு ஜாக்கிக்குப் பலகை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயிலுக்குப் போகிறேன் என்றேன். சரி மாமா என்றாள்.

ஜெயில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் பத்துப் பேர். எல்லார் தலையிலும் வெள்ளைத் துண்டு. மாஜிஸ்திரேட் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். அவசரம் இல்லை, ஒவ்வொருவராகப் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். முதல் ஆள், இரண்டாவது ஆள். ஏழாவது ஆளின் தாடை இடது பக்கமாகப் போயிருந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது, மற்றதில் வெள்ளையே இல்லை, முழுக்கச் சிவப்பு. நிற்கமுடியாமல் பக்கத்து ஆளின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தான். கோபமாகப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் என் கையைத்தான் பார்த்தான், அது எழும்புமா என்று. பின்னால் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை இருமினார்.

கை பாதி வரை எழும்பியது. அதை மறைக்கமாட்டேன். ஏழு வருஷம் என்பது மனதில் ஓடியது. டீக்கடை நாற்காலியும் ஓடியது.

பத்தாவது ஆள் வரை நடந்தேன். திரும்பி வந்து மாஜிஸ்திரேட் முன்னால் நின்றேன்.

"இதுல யாரையும் எனக்குத் தெரியலம்மா. அன்னைக்கு யாரு மொகத்தையும் நான் பாக்கல."

அவர் அதை எழுதிக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டு நான் சும்மா இருந்ததில்லை. இன்று மட்டும், ஒன்றும் இல்லை என்றேன்.

ஜீப்பில் இன்ஸ்பெக்டர் அடித்தார். கன்னத்தில் ஒன்று, வயிற்றில் முழங்கையால் ஒன்று. இரண்டுதான். ஒரு பல் ஆடுகிறது. விழவில்லை. நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நடந்து வந்து சேர நாலு மணி ஆயிற்று.

சோதனை முடிந்து குழு போய்விட்டது. மேற்குச் சுவர் நிற்கிறது, அடியிலிருந்து மேல்வரை ஒரே ஒரு கீறல். வடிவு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை டன்னில் கீறியது என்று நான் கேட்கவில்லை. அதனால் இங்கே எண் எதுவும் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

முப்பிடாதியின் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். ஜாமீன் மனுவுக்கு என் வாக்குமூலம் எழுத்தில் வேண்டும் என்றார். இப்படி ஒரு நோட்டு இருக்கிறது, நடந்த அன்றைக்கே எழுதியது என்றேன். அதையே கொண்டுவாருங்கள், ஆனால் உங்களுக்குத்தான் ஆபத்து, வேலையும் போகும் என்றார். முப்பிடாதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

நோட்டைக் கொடுப்பதற்கு முன் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எட்டுப் பேரா பதினொரு பேரா எனக்குத் தெரியாது. முழங்கால் எதையும் நான் உடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தொட்டிக்குள் இறங்கினேன். வடிவு ஒரு தடவை மாமா என்று கூப்பிட்டாள், அதையும் தண்ணீருக்குள் இருந்துதான் கேட்டேன். இவையெல்லாம் என் அவமானம், என்னோடு போகட்டும். வக்கீலுக்கு வேண்டியது ஒன்றுதான், அதை எழுதிக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது முதலில் உண்மையைத்தான் சொன்னேன், எல்லாரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், முகம் தெரியவில்லை என்று. அவர் பேனாவை மூடி நோட்டை மடிக்கப் போனார். சுற்றி நாற்பது பேர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அவர் எழுதவேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த அரைக் காது நானாக உண்டாக்கிச் சொன்னது.

இப்படிக்கு,
ச. மாசானமுத்து